இலைக்குள் மடித்த சீட்டு

இந்தக் கதையை எங்கே தொடங்கினாலும் தப்பாகத்தான் சொல்லிவிடுவோம் என்ற பயம் மயிலாத்தாளுக்கு இருந்தது. அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டே மனசுக்குள் ஒரு நாள் புடவையிலிருந்து தொடங்குவாள், குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் அது புடவை மேல் பழி போடுகிற கதையாகிவிடும். மறுநாள் மூக்குக்கண்ணாடிச் சங்கிலியிலிருந்து தொடங்குவாள், அது சங்கிலி வாங்கித் தந்த புருஷன் மேல் பழி போடுகிற கதையாகிவிடும். செத்துப்போனவரிலிருந்து தொடங்கினாலோ கேட்கிறவர்கள் அவரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பார்கள், சீட்டைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள், அதுதான் நல்லது என்று தோன்றும், தோன்றின உடனே காது மடல் சுடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குக் கோர்வையாகச் சொல்ல வராது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். வராமல் போனது கோர்வை இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

திருப்பூரில், பனியன் கம்பெனிகள் முடிந்து தென்னந்தோப்புகள் தொடங்குகிற இடத்தில், நொய்யல் நிழல் என்ற பெயரில் அறுபத்து நான்கு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. மூன்றாவது மாடியில் சென்னியப்பன் குடும்பம். சென்னியப்பன் எம்பிராய்டரி மெஷின் போட்டு மேலே வந்தவர். அவர் மனைவி மயிலாத்தாள் பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனவள். இன்றைக்கும் எதிரில் இருப்பவர் சட்டையில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் பேச்சின் நடுவே அவள் கை தானாகப் போய் அதைக் கிள்ளிவிடும். குடிவந்த புதிதில் எதிர்வீட்டு நிர்மலா டீச்சர் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது, "காலேஜ் பாதியில நின்னுட்டனுங்க" என்று வாய் சொல்லிவிட்டது. அந்த ஒரு பொய்க்குப் பதினோரு வருஷமாகத் தீனி போட்டு வளர்த்தாள். கதவுப் பலகையில் மயிலாத்தாள் மயிலா ஆனாள். இங்கிலீஷ் கையெழுத்தைக் கோலம் மாதிரி வரையப் பழகினாள். தமிழை விரல் வைத்து மெதுவாகப் படித்துவிடுவாள். இங்கிலீஷ் என்றால், "கண்ணாடிய மேல விட்டுட்டு வந்துட்டனுங்க, நீங்களே படிச்சுச் சொல்லீருங்க" என்பாள். கடைசியில் மகளிர் அணித் தலைவியாகவும் ஆக்கிவிட்டார்கள்.

அந்த வருஷம் ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வேண்டாம் என்று செயலாளர் விஸ்வேசுவரன் முடிவு செய்தார். அவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், புதுசாக எதையாவது செய்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பெங்களூரிலிருந்து ஒரு நாடகக் குழு வரும், நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நம் நடுவில் ஒரு கொலை நடக்கும், கொன்றது யார் என்று சாப்பிடுகிறவர்களே கண்டுபிடிக்க வேண்டும், இதற்குக் கொலை விருந்து என்று பெயர் என்றார். குழுவினர் தட்டும் முள்கரண்டியும் கேட்டார்கள், குடியிருப்புக்காரர்கள் வாழையிலை என்று ஒரே பிடியாக நின்றார்கள், அதனால் சூப்பில் இருக்க வேண்டிய விஷம் பாயசத்துக்கு மாறியது.

சாயங்காலம் ஹால் வாசலில் ஆளுக்கொரு உறை கொடுத்தார்கள். தொப்பி வைத்த துப்பறிவாளர், புகையாத சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு விதிகளைச் சொன்னார்: "உறைக்குள்ள ஒரு சீட்டு இருக்கும். குலுக்கிப் போட்டதால யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாது. ஒரே ஒரு சீட்டுலதான் 'நீங்கள்தான் கொலையாளி'ன்னு இருக்கும். அத யாருக்கும் காட்டக் கூடாது. நான் எழுந்திருங்கன்னு சொல்ற வரைக்கும் எவ்வளவு பொய் வேணும்னாலும் சொல்லலாம். சொன்னதுக்கப்புறம் உண்மைதான் சொல்லணும். கொன்னவங்க வாயால ஒத்துக்கிட்டாத்தான் எங்க ஜமீன்தார் எழுந்து உங்களுக்கு வணக்கம் சொல்லுவார்."

சீட்டு இங்கிலீஷில் இருந்தது. மயிலாத்தாள் சொல்ல நினைத்த சாக்கு அன்றைக்குச் செல்லாது, ஏனென்றால் கண்ணாடியை மறக்காமல் இருக்க சென்னியப்பன் முந்தின வாரம்தான் ஒரு முத்துச் சங்கிலி வாங்கிக் கொடுத்திருந்தார், கண்ணாடி ஊரறிய அவள் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வரியை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் புருவத்தைத் தூக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் பழக்கம். பார்த்தாள், தூக்கினாள், மடித்துக்கொண்டாள்.

பாயசம் வந்தது. ஜமீன்தார் வேஷக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நான்கு மேசைகளைச் சுற்றி வந்து, மயிலாத்தாளின் காலடியில் மல்லாந்து விழுந்து செத்தார். ஆகா என்று கைதட்டினார்கள். ஒருவரையொருவர் விசாரித்தார்கள், சந்தேகப்பட்டார்கள், நிர்மலா டீச்சர் தன் புருஷனையே மாட்டிவிடப் பார்த்தாள். கடைசியில் துப்பறிவாளர், "கொலையாளி எழுந்திருக்கலாம்" என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் சொன்னார். மின்விசிறிகள் மட்டும் சுற்றின. அப்புறம் அவர் மைக்கை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தார், அவரவர் சீட்டை அவரவரே படித்துக் காட்டினார்கள், விருந்தாளி, மைத்துனன், விருந்தாளி, வக்கீல், விருந்தாளி, என்று அது நெருங்கி வந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்போடு வரிசையில் நெருங்கி வந்ததைப் போலவே வந்தது.

"மேடம், படிங்க."

மயிலாத்தாள் எழுந்தாள். சீட்டைப் பிரித்தாள். எழுத்துகள் எறும்பு மாதிரி நின்றன. அப்போது பக்கத்து இலைக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள் செல்வராணி. குடியிருப்பில் மயிலாத்தாள் வீட்டையும் சேர்த்து ஐந்து வீடுகளில் பாத்திரம் கழுவி, ஹாலையும் கூட்டுகிறவள். அன்றைக்குப் பரிமாற ஆள் பற்றாமல் கூப்பிட்டிருந்தார்கள். மயிலாத்தாளின் விரல் அவள் பக்கம் நீண்டது. நூல் கிள்ளப் போகிற மாதிரி தானாகத்தான் நீண்டது.

"என்ற சீட்டு கெடக்குது உடுங்க. கொன்னது இவதானுங்க! இவதான பாயசம் ஊத்துனா? கை நடுங்குச்சு, நான் பாத்தனுங்க!"

ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. ஆமா, ஆமா, இவதான், விளையாட்டில் சேராத ஆளாப் பார்த்து வெச்சிருக்காங்க, என்ன மூளை பாருங்க மயிலாக்காவுக்கு, என்று மேசைகளைத் தட்டினார்கள், மிச்சப் பேர் சீட்டைப் படிக்க வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தச் சத்தத்தில் மயிலாத்தாள் சீட்டை இலைக்கு நடுவே வைத்து, மிச்சம் இருந்த ரசச்சோற்றை அதன் மேல் தள்ளி, இலையைத் தன் பக்கமாக மடித்தாள். "கொலைகாரி, சித்த எலைய எடு" என்று யாரோ கத்தினார்கள். செல்வராணியும் சிரித்துக்கொண்டேதான் வந்து அந்த இலையை எடுத்தாள்.

ஜமீன்தார் எழுந்திருக்கவில்லை.

தோளைத் தட்டினார்கள். சில்லென்றிருந்தது. இரண்டாவது மாடி டாக்டர் பர்வீன் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், நெஞ்சில் காது வைத்துப் பார்த்தாள், "உயிர் இல்லைங்க" என்றாள். "ஆமாங்க டாக்டர், எனக்கும் அப்படித்தான் படுது" என்றார் ஜமீன்தார். அவர் திண்டுக்கல்காரர், சொந்தப் பெயர் தைரியநாதன், ஒன்பது வருஷமாக இந்த வேஷம் போட்டுச் செத்துச் செத்து எழுந்தவர். "கொன்னவங்க ஒத்துக்கலைங்க. அதான் உடம்பு எந்திரிக்க மாட்டேங்குது" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். துப்பறிவாளர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவர்களுக்கு மறுநாள் ஓசூரில் வேறொரு விருந்து இருந்தது. எப்படியும் ஒரு வாரத்துக்குள் கொன்றவர் மனசு மாறிவிடும் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போனார்கள், ஓசூரில் புது ஜமீன்தார் கிடைத்துவிட்டதாகப் பிறகு தகவல் வந்தது.

ஒரு வாரம் நான்கு மாதமானது. குடியிருப்புச் சங்கம் முதல் கூட்டத்திலேயே, செத்தவர் ஹாலில் இருக்கலாம், ஆனால் மேடைக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. போலீஸ்காரர் ஒருவர் வந்து, பேசுகிற ஆளுக்குப் பிரேத விசாரணை எப்படிச் செய்வது என்று கேட்டு, நாடகம் என்று எழுதிக்கொண்டு போனார். மாநகராட்சியில் இறப்புச் சான்று கேட்டதற்குச் செத்தவரையே நேரில் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தீட்டு உண்டா இல்லையா என்று பிள்ளையார் கோயில் பூசாரியைக் கேட்டார்கள், அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, பாயசம் குடித்தவர்களுக்கு மட்டும் பதினாறு நாள் என்றார், சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லாம் அந்த மாதம் தலை நிமிர்ந்து கோயிலுக்குப் போனார்கள். எறும்பு ஏறாமல் இருக்க அவரைச் சுற்றி மஞ்சள் தூளால் ஒரு கோடு போட்டார்கள், கோடு கலையக் கலைய யாராவது வந்து புதுப்பித்தார்கள், அப்படியே அது அவர் உருவத்தின் கோலமாகிவிட்டது. முதல் காதுகுத்து விசேஷத்துக்கு அவரைத் திரை போட்டு மறைத்தார்கள், இரண்டாவது விசேஷத்துக்குத் திரையை மறந்துவிட்டார்கள், மூன்றாவதில் ஒறம்பறை, சொந்தபந்தம் எல்லாம் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆயுதபூஜைக்கு ஜெனரேட்டருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சந்தனம் வைத்தபோது அவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார்கள். பிள்ளைகள் அவரிடம் வந்து இங்கிலீஷ் பாடம் ஒப்பித்தார்கள், பெரியவர்கள் இன்சூரன்ஸ் கடிதங்களைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு மேலே விரித்துப் பிடித்து அர்த்தம் கேட்டார்கள். அவருக்குப் பசி இல்லை, வாசனை மட்டும் போதும்; மத்தியானம் மூன்று மணிக்கு யாராவது டம்ளரில் காப்பி கொண்டுவந்து மூக்கருகில் ஆறும்வரை பிடித்துக்கொண்டு நின்றால், "அப்பாடா" என்பார். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று அட்டவணை போட்டு லிப்டில் ஒட்டினார்கள்.

செத்தவரை ஏற்றுக்கொண்ட குடியிருப்பால் செல்வராணியை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், அவள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாளே என்று கோபம்.

"ஒரு வார்த்தை நாந்தான்னு சொல்லு புள்ளே. மனுசன் எந்திரிச்சுப் போயிருவாரு" என்பார் சென்னியப்பன்கூட.

"நான் பாயசந்தானுங்ணா ஊத்துனேன்" என்பாள் செல்வராணி. "செய்யாதத எப்படிங் செஞ்சேன்னு சொல்றது? எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குதுங்க, நாளைக்கு அதுகள கொலைகாரி மவளுகன்னு சொல்லமாட்டாங்களாங்?"

அவள் வேலை வீடு வீடாக நின்றது. ஒரு வீட்டில் ஊர்க்காரப் பெண் கிடைத்துவிட்டாள் என்றார்கள், ஒரு வீட்டில் பாத்திரம் கழுவுகிற மெஷின் வாங்கிவிட்டோம் என்றார்கள், ஒரு வீட்டில் சமையலறைக் கத்திகளைப் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு அதற்கும் வெட்கப்பட்டு நிறுத்தினார்கள். ஆனால் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தியது மயிலாத்தாள். விருந்துக்கு மூன்றாம் நாளே, "எனக்கு வேலை செஞ்சாத்தான் ஒடம்பு நல்லாருக்குது சாமி, நானே கழுவிக்கறேன்" என்று அனுப்பிவிட்டாள். செல்வராணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்க முடியவில்லை. மிஞ்சியது ஹால் கூட்டுகிற வேலை மட்டும்தான், அதுவும் செத்தவர் பக்கத்தில் கூட்ட வேறு யாரும் வராததால்.

மயிலாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வேளை அந்தச் சீட்டில் விருந்தாளி என்றே இருந்திருக்கலாம் என்று காலையில் நினைப்பாள், தனக்கு முன்னால் படித்த ஒருவர் சீட்டிலும் அது இல்லையே என்று மத்தியானம் நினைப்பாள். லிப்டில் ஒட்டியிருந்த அட்டவணையும் இங்கிலீஷ். தன் வீட்டு நாள் எது என்று தெரியாமல் ஒரு முறை தவறிவிட்டாள். செத்தவர் அன்று காப்பி இல்லாமல் கிடந்தார் என்று நிர்மலா டீச்சர் சொல்லிச் சிரித்தாள். அந்த வெட்கத்தில் மறுநாளே டம்ளரோடு இறங்கினாள், அது வேறொரு வீட்டு நாள் என்பதும் தெரியாமல். நல்லவேளையாக அவர்கள் ஊரில் இல்லை.

ஹாலில் யாரும் இல்லை. குனிந்து டம்ளரை மூக்கருகில் பிடித்தாள். அவர் கோட்டுக் கையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. கிள்ளினாள்.

"நல்லாக் கிள்ளுறீங்கம்மா" என்றார் தைரியநாதன். "பழகுன கை."

"பிசிறு வெட்டுன கைங்க தம்பி." இதுவரை இந்தக் குடியிருப்பில் யாரிடமும் சொல்லாததை ஏன் சொன்னோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

"அன்னிக்குச் சீட்டத் தலைகீழாப் புடிச்சிருந்தீங்க."

காப்பி அலம்பி அவர் கோட்டில் சிந்தியது.

"நான் கீழ கெடந்தேன்ல. மேல விளக்கு. தாளுக்குள்ள எழுத்து அப்படியே தெரிஞ்சுதும்மா. யாருகிட்டயும் நான் சொல்லலை, பயப்படாதீங்க. செத்தவன் சாட்சி சொல்லக் கூடாது, அது எங்க குழுவோட சட்டம். சம்சாரம் தெனமும் போன் பண்ணுது, எப்ப எந்திரிப்பீங்கன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

மயிலாத்தாள் மஞ்சள் கோட்டுக்கு வெளியே சப்பென்று உட்கார்ந்தாள். வாசலைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, பிள்ளைப்பேற்று வலியில்கூட அடக்கி வைத்திருந்த குரலில், "எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுங்க" என்றாள். சொன்னதும் வானம் இடியவில்லை. அதனால் மிச்சத்தையும் சொன்னாள். "நாந்தானுங்க. உங்களக் கொன்னது நாந்தானுங்க தம்பி. அந்தப் புள்ள இல்லீங்க."

தைரியநாதனுக்கு முதலில் கட்டை விரல் அசைந்தது. பிறகு முழங்கால் சொடுக்கியது, கன்னத்தில் ரத்தம் ஏறியது, நான்கு மாதத்துப் பசி ஒரே சத்தமாக வயிற்றில் உருண்டது. கால் மரத்துப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறின காப்பியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

"இதையே எல்லாத்துக்கும் முன்னால ஒருவாட்டி சொல்லிருங்கம்மா. அந்தப் பொண்ணு தெனமும் என்னையச் சுத்திக் கூட்டிட்டு, ஒரு வார்த்தை திட்டாமப் போகுது."

"சொல்றனுங்க. சத்தியமாச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்குதுங்க."

அவள் மனசு மாறினால் மறுபடியும் விழ வேண்டியிருக்குமோ என்ற பயம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். பின்வாசல் வழியாக, ஜமீன்தார் கோட்டோடும் சந்தனப் பொட்டோடும், ஒரு ஷேர் ஆட்டோவை மறித்துப் பழைய பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஹால் நிறைந்திருந்தது. மயிலாத்தாள் இறங்கி வந்தபோது லிப்டுக்குப் பக்கத்தில் செல்வராணி நின்றிருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதத்தை எடுத்தாள். ரசம் ஊறிக் காய்ந்த மஞ்சள் நிறம், ஓரத்தில் ஒரு கடுகு ஒட்டியிருந்தது.

"உங்க எலையில இருந்துச்சுங்க்கா. நான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ, கணக்குலதான் போயிருச்சு. அன்னிக்கே படிச்சுட்டேன்."

"என்னன்னு..." மயிலாத்தாள் ஹால் வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "என்னன்னு போட்டிருக்குது?"

செல்வராணி அவளையே பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் முகத்திலிருந்த கோபம் போய், அதைவிடத் தாங்க முடியாத ஒன்று வந்தது. "நீங்கதான் கொலையாளின்னு போட்டிருக்குதுங்க்கா" என்று மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "நான் காட்டுனா, எங்கியோ பொறுக்கிட்டு வந்தேம்பாங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் பாத்துட்டே இருக்கறேன். ஒருவேள வேணும்னே செஞ்சீங்களோன்னு நெனச்சேன். படிக்கத் தெரியாததுக்கா இத்தனையுங்?" சீட்டை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு உள்ளே போனாள்.

ஹாலின் நடுவே மஞ்சள் கோலம் ஆள் இல்லாமல் கிடந்தது. யாரும் அதை மிதிக்கவில்லை, நாற்காலிகளை அதைச் சுற்றித்தான் போட்டிருந்தார்கள். விஸ்வேசுவரன் எழுந்து மைக்கை வாங்கினார்.

"தைரியநாதன் சார் திண்டுக்கல் போய்ச் சேர்ந்துட்டார், நல்லா இருக்கார். போன்ல கேட்டேன். கொன்னவங்க ஒத்துக்கிட்டாங்க சார்னு சொன்னார். யார்னு சொல்ல மாட்டேன்னுட்டார், அவங்க சட்டமாம். நாம என்ன முட்டாளா? ஹாலுக்குள்ள தெனமும் தனியா வர்றது யாரு?" அவர் செல்வராணியைப் பார்த்து, பெரிய மனசோடு சிரித்தார். "ஏம்மா, இத நாலு மாசம் முன்னாலயே செஞ்சிருக்கக் கூடாதா?"

 செல்வராணி திரும்பி, மூன்றாவது வரிசையில் இருந்த மயிலாத்தாளைப் பார்த்தாள். கூட்டம் முழுவதும் செல்வராணியைப் பார்த்துக்கொண்டிருந்ததால், செல்வராணி யாரைப் பார்க்கிறாள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. மின்விசிறிகள் சுற்றின. மயிலாத்தாள் எழுந்திருக்கத்தான் நினைத்தாள். முழங்கால்கூட ஒரு முறை அசைந்தது. பக்கத்தில் இருந்த நிர்மலா டீச்சர், "என்னக்கா, வேர்க்குது?" என்று கேட்டாள்.

செல்வராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்படியே வெச்சுக்குங்க சார்" என்றாள். "எங்க எங்க வேலைக்கு வரோணும்னு மட்டும் சொல்லீருங்க."

ஹால் நெகிழ்ந்துவிட்டது. பாவம், ஒத்துக்கிட்டாளே, ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணுமே, என்று சொல்லிக்கொண்டார்கள். டாக்டர் பர்வீன் கண்ணைத் துடைத்தாள். இவளை இந்தக் குடியிருப்பு மன்னித்து, பழையபடி ஐந்து வீட்டிலும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார்.

"ஓட்டெடுப்புக்கு முன்னால, யாராவது ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்று கேட்டார் விஸ்வேசுவரன். "மகளிர் அணித் தலைவி? அன்னிக்குக் கண்டுபிடிச்சதே நீங்கதானே மேடம்."

மயிலாத்தாள் முந்தானையால் வாயைத் துடைப்பது போலக் கையைக் கொண்டுபோய்ச் சீட்டை வாய்க்குள் தள்ளினாள். பழைய ரசத்தின் புளிப்பு நாக்கில் பரவியது, கடுகு பல்லில் நசுங்கியது. வாய் நிறைந்திருந்ததால் ஒன்றுமில்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரி. மன்னிக்கலாம் என்பவர்கள் கை தூக்கலாம்."

அவள் மென்றதை விழுங்கிவிட்டு, எல்லோருக்கும் முன்னால், முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள்.